ஒட்டாமல் வந்த கேக்

மாஸ்டருக்குச் சர்க்கரை ஆகாது, மருமகளுக்குக் கோதுமை ஆகாது. ஆக, அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சாப்பிடக்கூடிய இனிப்பு ஒன்றே ஒன்றுதான்: பாதாம் மாவில், சர்க்கரைக்குப் பதிலாக ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுச் செய்கிற கேக். நாற்பது வருஷம் பேக்கரி ஓவன் முன்னால் நின்று ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்ட மனிதருக்கு வாய்த்த யோகத்தைப் பாருங்கள்!

மருமகள் வந்து மூன்று வருஷம். வந்த முதல் வாரமே, சூப் கெட்டியாகட்டும் என்று மாஸ்டரின் மனைவி ஒரு ஸ்பூன் மைதாவைக் கரைத்து ஊற்றிவிட்டாள். "ஒரு ஸ்பூன்தானே, ஒண்ணும் ஆகாது" என்றாள். ஆயிற்று. அந்தப் பெண் நான்கு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அதன்பிறகு மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் தன் சாப்பாட்டு டப்பா, தன் ஸ்பூன். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டே டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டினாலாவது பதில் சொல்லலாம், டப்பாவிடம் என்ன சொல்வது?

போன வாரம் மகன் போன் செய்தான். "அப்பா, வர்ற ஞாயிறு டப்பா கிடையாதாம். நீங்க செய்யறதைச் சாப்பிடறேங்கறா. ஜாக்கிரதைப்பா."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கோதுமை, மைதா, காய்ந்த ரொட்டித்துண்டு வரைக்கும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். சமையல் மேடையை மூன்று தரம் சோப்பு போட்டுக் கழுவினார். புதுக் கிண்ணம், புது டிரே, முட்டை அடிக்கப் புதுக் கம்பி என்று வாங்கி வந்தார். "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ பாத்திரம் வாங்கலை" என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளோட்டத்தில் மானம் கப்பலேறியது. முதல் கேக் நடுவில் குழி விழுந்தது. இரண்டாவது மேலே கருகி, உள்ளே கூழாக இருந்தது. மூன்றாவது நன்றாகத்தான் வெந்தது, ஆனால் கவிழ்த்தபோது பாதி தட்டுக்கு வந்தது, பாதி டிரேயிலேயே உட்கார்ந்துகொண்டது. வெண்ணெய் தடவியும் இந்தக் கதி.

"அடியில காகிதம் விரிங்களேன்" என்றாள் மனைவி.

"காகிதம் விரிச்சு எடுக்கறதுக்கு மாஸ்டர் எதுக்குடி? யார் வேணா செய்வாங்களே" என்றார் அவர். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பையில் மிச்சமிருந்த பாதாம் மாவு ஒரு கேக்குக்குத்தான் வரும். ஐந்து முட்டையை நுரைக்க அடித்தார். மாவு, உருக்கிய வெண்ணெய், அந்த வெள்ளைப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைத் தோல் துருவல். டிரேயில் வெண்ணெய் தடவும்போது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "கிளம்பிட்டோம்பா, ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்." "வாங்க, வாங்க. மெதுவா ஓட்டு." பேசி முடித்தபோது டிரே தயாராக இருந்தது. கலவையை ஊற்றி ஓவனுக்குள் வைத்தார்.

வெந்தது. ஆறவிட்டுக் கவிழ்த்தார். அடடா! டிரேயைத் தட்டக்கூட இல்லை, கேக் முழுசாக வழுக்கிக்கொண்டு தட்டில் வந்து உட்கார்ந்தது. விளிம்பில் ஒரு கீறல் கிடையாது.

"ஏய், இங்க வந்து பாரு!" என்று கத்தினார்.

மனைவி வந்து பார்த்து வாயைப் பிளந்தாள். மாஸ்டர் சிரித்தார், பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. நேற்று அடம்பிடித்த கேக் இன்று ஏன் இப்படி வருகிறது? குனிந்து பார்த்தார். ஓரத்தில் பவுடர் பூசினாற்போல மெல்லிசாக ஒரு வெள்ளை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நாற்பது வருஷ நாக்குக்கு இரண்டாம் தரம் தேவைப்படவில்லை.

அடுப்புக்கு வலது பக்கம், கைக்கு எட்டும் இடத்தில், மூடியில் துளை போட்ட தகரக் குவளை நின்றது. பேக்கரியை விட்டு வந்த அன்று அவர் கூடவே எடுத்துவந்தது அது ஒன்றுதான். உள்ளே மைதா. வெண்ணெய் தடவு, தூவு, தட்டு. வாய் போனில் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு அந்த மூன்றையும் செய்து முடித்திருக்கிறது. வீட்டிலிருந்த மாவையெல்லாம் துரத்தியவருக்கு அந்தக் குவளை கண்ணில் படவே இல்லை. அதை அவர் மாவு என்று நினைத்ததே கிடையாது, கரண்டி போல அதுவும் ஒரு சாமான்.

மனைவிக்கும் புரிந்துவிட்டது. "அடியையும் ஓரத்தையும் சீவி எடுத்துடலாங்க. ஒரு சிட்டிகை இருக்குமா? ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அவர் கத்தியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தபோது வாசலில் மணி அடித்தது.

மருமகள் வெறுங்கையோடு வந்தாள். தோளில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். மேஜையைப் பார்த்ததும், "மாமா, கடையில வாங்கினது மாதிரி இருக்கே!" என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அந்த வீட்டுத் தட்டை அவள் அப்படி நகர்த்திக்கொண்டது இந்த மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தால் இந்தத் தட்டு இனி என்றைக்கும் அவள் பக்கம் போகாது. திறக்காவிட்டால் நாலு நாள் அவள் சுருண்டு கிடப்பாள்.

"நீ சாப்பிடாதேம்மா," என்றார். "அதுல மைதா பட்டிருக்கு. நான்தான் தூவிட்டேன். நினைப்பில்லாம."

மகன் எழுந்துவிட்டான். "என்னப்பா இது! அவ்ளோ சொல்லியும்..."

"உன் அப்பனைத் திட்டு, பரவாயில்ல" என்றார் மாஸ்டர். குவளையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இதான். கைப் பழக்கம். வேற என்ன சொல்ல?" அழுதுவிடுவாரோ என்று மனைவிக்குப் பயமாகிவிட்டது.

மருமகள் தட்டை நகர்த்தி வைத்தாள். குவளையைத் தொடாமல், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒண்ணும் ஆகாது, சாப்பிடுன்னுதான் சொல்வாங்க மாமா," என்றாள். "சாப்பிடாதேன்னு யாரும் சொன்னதில்ல."

மனைவி ஈரமில்லாத மேடையைத் துடைத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மருமகள். குரல் சற்று இறங்கியிருந்தது. "டப்பா கார்ல இருக்கு."

"டப்பா கிடையாதுன்னு நீதானே சொன்னே?" என்றான் மகன்.

"சொன்னேன். காலையில கிளம்பறப்ப கை தானா கட்டிடுச்சு. சீட்டுக்கு அடியில வச்சேன். உங்களை நம்பாம இல்ல மாமா..."

"பழக்கம்," என்றார் மாஸ்டர்.

"ஆமா. பழக்கம்."

மகன் போய் டப்பாவை எடுத்துவந்தான். உள்ளே சாப்பாடு, ஓரத்தில் பாதாம் மாவுக் கேக் ஒரு துண்டு, சர்க்கரை போடாதது. அவள் அதைப் பாதியாக வெட்டி, தன் ஸ்பூனாலேயே எடுத்து மாமனார் தட்டில் வைத்தாள். அவர் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"உப்பு ஒரு சிட்டிகை போட மறந்துட்டே. முட்டை இன்னும் நுரைக்கணும்."

"அடியில காகிதம் விரிச்சேன், ஒட்டவே இல்ல."

மாஸ்டர் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் சிரிப்பாள் என்று தெரியும். முழுசாக வந்த கேக்கை அந்தத் தாயும் பிள்ளையும் தின்று தீர்த்தார்கள். குவளையும் அன்றே பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

கிளம்பும்போது மருமகள் டப்பாவைக் கழுவி மூடினாள். "அடுத்த ஞாயிறு செய்வீங்களா மாமா?"

"செய்யறேன். காகிதமே விரிச்சுத் தொலைக்கிறேன்," என்றார். பிறகு வாசல்வரை வந்து சொன்னார்: "நீ டப்பாவைக் கொண்டு வாம்மா. கார்லயே இருக்கட்டும்."