பக்கத்துத் தலையணைத் தூக்கம்

அடுத்த வீட்டு நகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவர் பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் உண்டு. இவள் பொறாமைப்பட்டது கட்டிய கணவனின் தூக்கத்தைப் பார்த்து. சிரிக்காதீர்கள். மூன்று வருடம் கண்ணில் ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்து, பக்கத்தில் ஒரு மனுஷன் அடித்துப் போட்டதுபோல் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் தெரியும்.

சட்டை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிற மேஜை அவளுடையது. வீங்கிய கண்ணோடு வருகிறவளை எல்லோரும் 'ஆந்தை அக்கா' என்றார்கள்; அவளும் கோபப்படவில்லை. ஆனால் ஒரு நாள் விஷயம் கேலியோடு நிற்கவில்லை. நாற்பது அடுக்குத் துணியை விரித்து, சட்டைக் கைக்கான அட்டையை வைத்து வெட்டியவள், அடுத்த நாற்பதுக்கு அட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். எண்பது கைகள். எண்பதும் இடது கை.

சூப்பர்வைசர் ஒன்றை எடுத்து உதறிக் காட்டினார். "ரெண்டு பக்கமும் இடது கை இருக்கிற ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வாம்மா, மொத்தத்தையும் அவனுக்கே வித்துடலாம்." எல்லோரும் சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கத்தி கிடையாது. பட்டன் வைக்கிற பக்கம் போயிடு."

பதினெட்டு வருடமாகப் பிடித்த கத்தி. மறுநாளே டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. டீ எத்தனை, படுக்கையில் போன் பார்ப்பீர்களா, பகலில் கண் அசருவீர்களா, மனசில் ஏதாவது கவலையா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் குறையில்லை. கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டினார்.

"ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க. எப்போ படுத்தீங்க, எப்போ தூங்கினீங்க, எத்தனை தடவை முழிச்சீங்க. கடிகாரம் பார்க்க வேண்டாம். காலையில எழுந்து தோராயமா எழுதினா போதும்."

தோராயமா! அரை விரல்கடை பிசகினால் காலர் உட்காராது என்று வாழ்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது? கைக்கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். முதல் நாள் அவள் கட்டம் ஒரே வரியில் முடிந்துவிட்டது: 'படுத்தது பத்து. தூக்கம் இல்லை.' மீதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் அவர் கிடந்தார், சுவரைப் பார்த்தபடி, நிம்மதியாக. பேனா தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா அந்தத் தாள்களைப் படித்தார். 'பத்து எட்டு, தலை வைத்தார். பத்து பதினொன்று, தூங்கிவிட்டார். பத்தே கால், லேசான குறட்டை. பன்னிரண்டு, அசையவில்லை. கொடுத்து வைத்த ஜென்மம். ஒன்று நாற்பது, அதே பக்கம். இரண்டரை, அதே பக்கம். எனக்கு மட்டும் ஏன் இப்படி.'

"இது யாரோட தூக்கம்மா?"

அவள் திருதிருவென விழித்தாள். "அது... எங்க வீட்டுக்காரரோடது. எனக்குத்தான் எழுத ஒண்ணுமே இல்லையே."

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தாள். அவரோ தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "பதினாலு ராத்திரி. ஒரு ராத்திரி கூட இவர் புரளலை. அசந்து தூங்கறவங்க கையைக் காலைப் போடுவாங்க, வாய் திறந்துக்கும். இவ்வளவு ஒழுங்கா யாரும் தூங்கறதில்லைம்மா. அவர் வெளியில இருக்காரா? கூப்பிடுங்க."

அவர் வந்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைக்காரர். விரலில் வார்னிஷ் கறை. டாக்டரம்மா நேராகக் கேட்டார்: "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"இல்லைங்க."

"அப்போ அந்தக் குறட்டை?" என்றாள் இவள்.

"நீ நம்பணும்னு விட்டதுதான்." அவர் டாக்டரம்மாவிடம் திரும்பினார். "ஆரம்பத்துல ஒரு நாள் நான் முழிச்சிருக்கறதைப் பார்த்துட்டு, உங்க தூக்கத்தையும் கெடுக்கறேன்னு பாயைச் சுருட்டிட்டு ஹாலுக்குப் போயிட்டா. ஒரு வாரம் உள்ளே வரவே இல்லை. அதுக்கப்புறம் அசையாம படுத்துக்கறேன்."

அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இல்லாத தூக்கத்துக்கா மூன்று வருடம் வயிறெரிந்தாள்? எரிந்ததை யாரிடம் திருப்பிக் கேட்பது?

"அப்போ எப்பதான் தூங்குவீங்க?"

"பட்டறையில. மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம்."

"ஒன்றரை மணி நேரமா!" ஆத்திரம் போன வழியிலேயே பொறாமை திரும்பி வந்துவிட்டது.

அவள் மாத்திரை கேட்டாள். இப்போது வேண்டாம், முதலில் பழக்கத்தைச் சரிசெய்வோம் என்றார் டாக்டரம்மா. இருவருக்கும் ஒரே வைத்தியம். பன்னிரண்டரைக்கு முன்னால் படுக்கைப் பக்கமே போகக் கூடாது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கிடையாது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்ப வேண்டும். தூக்கம் நிலைத்தபிறகு கால் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொள்ளலாம். அவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். "முக்கியமா, அவங்கவங்க தூக்கத்தை அவங்கவங்க எழுதுங்க."

முதல் இரண்டு வாரம் இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள், சண்டை போட்டார்கள், துவைத்த துணியையே மறுபடி மடித்தார்கள். மேஜையில் அவள் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அட்டையைத் திருப்பிவிட்டேனா என்று பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் அவர் தூங்கிவிட்டார். நிஜத் தூக்கம். தூக்கம் வராமல் ஹாலுக்குப் போய்த் திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். வாய் திறந்திருந்தது, தலையணை தரையில், ஒரு கால் அவள் இடத்தில். குறட்டையோ பழுதான மோட்டாரேதான். இவர் எவ்வளவு மட்டமான நடிகர் என்று அப்போதுதான் புரிந்தது. வைத்தியத்துக்குப் போனது அவள், கத்தி போகப்போவது அவளுக்கு, குணமாவது இவருக்கா? எழுப்பிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எழுப்பவில்லை. காலைத் தள்ளிவிடவும் மனம் வராமல் மறுபடி ஹாலில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை, அலாரம் அடித்துத்தான் எழுந்தாள். தாளை எடுத்தாள். எப்போது தூங்கினாய் என்று கேட்டால் தெரியவில்லை. படுத்தது நினைவிருந்தது, பிறகு அலாரம். பேனாவைத் திறக்கப்போனவள் நிறுத்தினாள். அவள் கட்டத்தில் அவருடைய கோணல் எழுத்து.

'பன்னிரண்டு ஐம்பது, தூங்கிட்டா. இரண்டே கால், புரண்டாள், என் மேல கை. மூணு மணி, வாய் திறந்திருக்கு. எனக்கு இன்னிக்குத் தூக்கம் வரலை. ஹாலுக்குப் போகணும், கையை எடுக்க மனசில்லை. பொறாமையா இருக்கு.'

"கடிகாரம் பார்க்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள். பிறகு கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அந்த வீட்டில் ஒருவர் பொறாமைப்படும்படி அவளிடம் ஒன்று இருந்தது.