பட்டாணிச் சோடியம்

நஜ்முதீன் மவுத்தாகி, அடக்கம் செய்து பதினோராம் நாள். கிள்ளான் நகரத்து வீட்டில் அவர் மனைவி ரசியா, ஊறவைத்த கொண்டைக்கடலையையும் பச்சைப் பட்டாணியையும் பல்குச்சியில் குத்திக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி வகுப்பில் காட்ட உப்புப் படிகத்தின் மாதிரி: கடலை குளோரைடு, பட்டாணி சோடியம். புருஷனுக்காக வீட்டோடு இத்தா இருக்கிற பொம்பளைக்கு இது என்ன வேலை என்று நாத்தனார் நிலோபர் முகம் சுளித்தாள். சுளிக்கட்டுமே! ரசியாவுக்கு அது உறைக்கவே இல்லை. பதினோரு நாளாய் எதுதான் உறைத்தது? ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் சென்டர் நடத்தும் திருச்செல்வம் போனில் சொல்லியிருந்தார்: "நாலு மாசம் பத்து நாள் நீங்க வெளிய வர முடியாது, புரியுது டீச்சர். ஆன்லைன்ல எடுங்க, நானும் கேக்குறேன். நடுவுல அழுது நிறுத்திட்டீங்கன்னா வேற ஆளைத்தான் போடணும்லா. பிள்ளைங்களுக்கு எக்ஸாம்."

"நான் எங்க சார் அழப்போறேன்," என்றாள். அந்த வகுப்பும் போய்விட்டால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கணும். அது அவளால் ஆகாது.

முகம் தெரியாமல், கையும் கடலையும் மட்டும் தெரிகிற மாதிரி கேமராவைச் சாய்த்து வைத்தாள். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"ஒரு சோடியத்தைச் சுத்தி ஆறு குளோரைடு. ஒரு குளோரைடைச் சுத்தி ஆறு சோடியம். உப்புன்னா இதான்." வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. திருப்பிக் காட்டும்போது ஓரத்துப் பட்டாணி ஒன்று கழன்று விழுந்தது.

"டீச்சர், நிஜ உப்புல இப்படி ஒண்ணு காணாமப் போனா?" என்று மாணவி விஷ்ணுப்ரியா கேட்டாள்.

"தனியாப் போகாதும்மா. ஒரு சோடியம் போனா, கூடவே ஒரு குளோரைடும் போயிடும். அப்பதான் பிளஸ்ஸும் மைனஸும் சரியா வரும்."

"மத்ததெல்லாம் சரிஞ்சிடாதா?"

"சரியாது. அப்படியே நிக்கும்."

சொல்லி முடித்தாளோ இல்லையோ, கேமராவை அணைத்தாள். அதோடு சத்தமும் நின்றுவிடும் என்று நினைத்துவிட்டாள், பாவம். "என்னை மட்டும் ஏங்க விட்டுட்டுப் போனீங்க?" என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாளே ஒரு அழுகை! அடுப்படியிலிருந்து நிலோபர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது திரையில் யாரோ எழுதியிருந்தார்கள்: "டீச்சர், மைக் ஆன்ல இருக்கு."

போச்சுடா! ஒருத்தரும் வெளியே போயிருக்கவில்லை. "டீச்சர்..." என்று திருச்செல்வம் இழுத்தார்.

ரசியா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் போட்டாள். "அழுகை வந்துச்சு சார், அழுதேன். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, எடுக்குறேன்."

"எடுங்க டீச்சர்," என்றார் அவர்.