அரைமணி நடை

சுசித்ராவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். தினமும் அரைமணி நேரம் நடக்கவேண்டும். கூட ஒரு ஆள் இருக்கவேண்டும். ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஜெகதீஷ் தலையாட்டினான். மாரடைப்புக்கு இவ்வளவுதானா என்றுகூட நினைத்தான்.

போடிக்கு வந்த முதல் வாரம் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆளுக்கொரு ஆரஞ்சுப் பை. பார்க்க வந்தவர்களை வெறுமனே அனுப்பக் கூடாதென்று அவள் எழுந்து எழுந்து டீ போட்டாள். ஒன்றென்றால் கூப்பிடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் நாள் ஜெகதீஷே கூட நடந்தான். முந்தல் ரோட்டில் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினால் சரியாக அரைமணி. அவன் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோருக்கு அந்தச் செய்தி அவனுக்கு முன்பே போயிருந்தது.

"என்ன மாப்ளே, பொண்டாட்டியோட ஊர்கோலமாமே?"

எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். மறுநாள் காலையில் லோடு வருகிறது என்று அவளிடம் சொன்னான். லோடு எதுவும் வரவில்லை.

கூட நடக்க முடியுமா என்று பக்கத்து வீட்டு அன்னக்கொடியிடம் கேட்டுப் பார்த்தான். பத்து வருடமாக சுசித்ராவோடு ஒரே ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவள்.

"நான் ஒரு நா நின்னா என் எடத்துல வேற ஆள ஏத்திருவாக தம்பி. சாயந்தரம் எறங்கையில காலு ரெண்டும் செத்துப்போகுது. அவ எடத்துலயே இப்ப சிலமலைக்காரி ஒருத்திதான் வர்றா. அத அவகிட்டச் சொல்லிறாத."

சுசித்ரா தனியாக நடந்தாள். இரண்டாம் நாளே இடுப்பில் ஒரு குடம் இருந்தது. கையை வீசிக்கொண்டு சும்மா நடந்தால் எல்லோரும் பார்க்கிறார்களாம். குடம் இருந்தால் தண்ணீருக்குப் போகிறாள் என்று விட்டுவிடுவார்களாம். வெறும் குடம்தானே என்று ஜெகதீஷும் விட்டுவிட்டான்.

அதே ரோட்டில்தான் அந்நேரம் ஜீப்புகள் மலையேறும். நான்கு நாள் பார்த்துவிட்டு டிரைவர் மொக்கச்சாமி வண்டியை நிறுத்தி அவளிடம் தன்மையாகவே சொன்னாராம், வளைவுகளில் பதினாறு பேரை வைத்து ஏற்றுகிறவன் தாயி, வெறுங்குடத்தோடு எதிரே வராதே என்று. அன்றிலிருந்து திரும்பும்போது குடத்தில் தண்ணீர் இருந்தது.

பால் வாங்கப் போன ஒரு காலையில் ஜெகதீஷ் அதைப் பார்த்தான். அவள் நின்று நின்று வந்தாள்.

"என்ன இது?"

"பாதிதான்" என்றாள்.

குடத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீண்டது. எதிரே ஸ்டோர்க்காரர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். "வெரசா வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, தொட்டியடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மொக்கச்சாமிதான் ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டு அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஜீப்புக்குள்ளேயே நாடி பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, அவளைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கவேண்டும் என்றார்கள். தெருப் பெண்கள் இருபது பேருக்கு மேல் ஆளுக்கொரு குடத்தோடு கிளம்பினார்கள். ஜெகதீஷ் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்தார்கள். கொட்டு முன்னால் போனது. முந்தல் ரோடு, அதே தொட்டி. ஜீப்புகள் ஓரங்கட்டி நின்றன. அத்தனை வெறுங்குடங்கள் வருவதைப் பார்த்து மொக்கச்சாமி கீழே இறங்கிக் கைகட்டி நின்றார்.

பக்கத்தில் அன்னக்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். வேலை நாள் என்பது ஜெகதீஷுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஜீப்புக்குப் போகலையாக்கா?"

"கேத வீட்ட விட்டுட்டுப் போவாகளா தம்பி? சாவுக்கு நின்னா எடம் போகாது. அத யாரும் எடுக்க மாட்டாக."

தொட்டியில் அவன் முறை வந்தது. குடம் நிரம்பியதும் இரண்டு பெண்கள் சேர்ந்து அவன் தோளில் தூக்கி வைத்தார்கள். பாதி வழியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நின்றான். அவனுக்காக எல்லோரும் நின்றார்கள்.