வல்லாளன் எழுந்த கூத்து

இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. இரவில் கூட்டம் கூடப் பொலிஸ் அனுமதி கொடுக்காததால், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அண்ணன்மார் கூத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடினார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஆடும் கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய காலத்து ராஜாக்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. எல்லைத் தகராறில் பக்கத்து ராஜா வல்லாளன் படையெடுத்து வருவான். மூன்று பேருமே களத்தில் செத்து விழுவார்கள். தங்கை பொன்னாத்தாள் அம்மனிடம் தீர்த்தம் வாங்கி வந்து தன் அண்ணன்மாரை எழுப்புவாள். வல்லாளனை மட்டும் காலால் எட்டி உதைத்துவிட்டுப் போவாள். அந்த உதைக்குத்தான் சனம் விசிலடிக்கும்.

தங்கை வேஷம் ஆண்கள் கட்டுவது வழக்கம். கட்ட இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், கூத்து வாத்தியார் அழகையா வேறு வழியில்லாமல் கொழுந்தெடுக்கும் சுந்தரியைக் கேட்டார். அவளுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம்.

சுந்தரியின் தம்பி நடராஜா கண்டியில் கடையொன்றில் வேலை செய்தவன். சுற்றிவளைப்பில் பொலிஸ் பிடித்துப்போய் எட்டு மாதமாகியும் விடவில்லை. அவனைப் பார்க்க அவள் போகும்போதெல்லாம் கூடவே வந்து அவளுக்காகச் சிங்களத்தில் பேசியவள் கீழே சிங்களக் கிராமத்துக் குசுமா. அந்தக் குசுமாவின் ஒரே மகன் இராணுவத்தில் சேர்ந்து வடக்கே செத்துப்போனான். வீட்டுக்கு மூடிய பெட்டிதான் வந்தது. திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

குசுமாவும் அன்று கூத்துப் பார்க்க வந்திருந்தாள்.

வல்லாளன் வேஷம் கட்டிய செல்லப்பா ஈட்டி பாய்ந்து விழுந்தார். சனம் ஆரவாரித்தது. சுந்தரி செம்போடு வந்து அண்ணன்மார் மேல் தண்ணீர் தெளித்தாள். அவர்கள் எழுந்தார்கள். இனி உதைக்க வேண்டும்.

இரவு விளக்கில் ஆடுகிறவர்களுக்குச் சனத்தின் முகம் தெரியாது. அன்று நல்ல வெயில். முன்வரிசையில் குசுமா, விழுந்து கிடந்த செல்லப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

சுந்தரிக்குக் கால் எழவில்லை. அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இவனையும் ஒருத்தி சுமந்து பெத்தாளே, தாயே!”

பாட்டில் இல்லாத வரி அது. அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளம் நின்றது. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் வல்லாளன் முகத்தில் தெளித்தாள்.

“ஏ புள்ள, என்னா செய்யிற?” செல்லப்பா உதடு அசையாமல் கேட்டார்.

“எந்திரிங்கண்ணே.”

“வாத்தியாரு என்னயக் கொன்னுருவாரு.”

“அந்தம்மா பாக்குறாங்க. எந்திரிங்க.”

செல்லப்பா ஒரு கண்ணைத் திறந்து குசுமாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

மூத்த ராஜா வேஷத்தில் நின்ற அழகையா, கிரீடம் ஆட ஆட வந்தார்.

“எதிரிய எழுப்பிட்டியே, மறுபடியும் சண்டைக்கு வரமாட்டானா?”

“வரட்டும் அண்ணே. உசுரோட இருந்தாப் பேசிப் பாக்கலாம். செத்தவன்கிட்ட என்னத்தப் பேசுறது?”

முப்பது வருடமாக ஆடிய அழகையா, அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கடைசியில் மரவாளைத் தரையில் போட்டுவிட்டுச் செல்லப்பாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். யாரோ ஒருத்தி கைதட்டினாள். பிறகு மைதானமே தட்டியது.

குசுமா மேடைக்கு வந்தாள். சாயம் வழிந்துகொண்டிருந்த செல்லப்பாவின் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அந்தப் பெரிய மனுசன் குழந்தை மாதிரி நின்றுகொடுத்தார்.

நடராஜாவை மாசி மாதம் விடுதலை செய்தார்கள். வழக்கு நாளன்றும் சுந்தரியோடு பஸ்ஸேறிப் போனவள் குசுமாதான்.

அடுத்த வருட ஒத்திகைக்கு அழகையா ஒரு கொப்பியோடு வந்தார். மூன்று ராஜாக்களும் உட்கார்ந்து எல்லையைப் பேசித் தீர்க்கும் கட்டத்தைப் புதிதாக எழுதியிருந்தார். செல்லப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“என்னா வாத்தியாரே, இம்புட்டுப் பாட்டா? செத்துக் கெடந்தப்ப ஒரு வேலயும் இல்லாம சொகமா இருந்தேனே!”

“உசுரோட இருந்தா அப்பிடித்தான். பாடுய்யா,” என்றார் அழகையா.