பைக்கு வைத்த பரீட்சை

சட்டை தைக்கும் கம்பெனியில் என் கணவருக்குத் தையலைச் சரிபார்க்கும் வேலை. வேலையை அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மலையேறுவதாகப் பேச்சு. அதற்கு ஒரு முதுகுப்பை வாங்கப் போனோம். ஒவ்வொரு பையையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பட்டையைப் பிடித்து இழுத்தார்.

“கிழிச்சுட்டுத்தான் விடுவீங்களா சார்?” என்றார் கடைக்காரர்.

ஒருவழியாக ஒன்று தேறியது. வீட்டுக்கு வந்தும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டை சேருமிடத்தில் சந்தேகமாம். என் தையல் மெஷினின் இரும்புத் தலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினார். தினமும் வேலை முடிந்து வந்ததும் இதே கூத்து.

“மலைக்குத் தண்ணியும் ரொட்டியும்தானே தூக்கப் போறீங்க?” என்று கத்தினேன்.

“நடுவழியில அறுந்தா என்ன பண்ணுவே? சும்மா இரு.”

கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “வீடு மாத்துறீங்களா?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை மாலை முழங்கால் பிசகிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்ததும் அவர் முதலில் சொன்னது, “தையல் விட்டிருக்கா பாரு.”

பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாத்திரையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினேன்.

“எங்க கிளம்பிட்டே?”

“மலைக்கு. நல்ல பை, வீணாப் போகலாமா?”

“இடது பட்டையை மட்டும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார். கதவைச் சாத்தினேன்.