ஒரு பேண்டா, இரண்டு பேண்டா

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அவள் ரேடியோ கடைப் படியேறினாள். கடைக்காரர் “என்ன வேணும்?” என்று கேட்பதையே விட்டுவிட்டார். அவள் குடையை மடக்குவதற்குள் வண்டியில் மாட்டிப் பேசும் ரேடியோப் பெட்டிகள் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது ஒரே பேண்ட், வி.எச்.எஃப் அலைவரிசை மட்டும். இது ரெண்டு பேண்ட், கூடவே யு.எச்.எஃப்பும் உண்டு,” என்றார், முந்தாநாள் சொன்ன அதே ராகத்தில். “இன்னைக்காவது முடிவு பண்ணிட்டு வந்தீங்களா மேடம்?”

“பண்ணிட்டுதான் கிளம்பினேன். வழியில மாறிடுச்சு.”

அவள் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். நாள் முழுக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பதுதான் வேலை. பதில் சொல்லாமல் இழுப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அவளே இழுத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இரண்டு பெட்டிகளையும் தடவிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கிப் போனாள்.

ரேடியோ அவளுக்கல்ல, அவள் தம்பிக்கு. அவன் பிரிட்ஜ் மெக்கானிக். மலைமேல் இருக்கும் மருத்துவமனைகளில் தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ்கள் நின்றுபோனால் சொந்த வேனை எடுத்துக்கொண்டு போவான். போன மழைக்காலத்தில் ஒருநாள் வேன் சறுக்கி ஓடையில் இறங்கிவிட்டது. பின்னாலிருந்த கம்ப்ரஸர் உருண்டு வந்து அவன் காலை நசுக்கியது. மலைப்பாதையில் போன் எடுக்காது. யாரோ பார்த்துத் தூக்கும்வரை நாலு மணி நேரம் அப்படியே கிடந்தான். கால் தேறிவிட்டது. அக்காவுக்குத்தான் தேறவில்லை. அவன் மலை ஏறுகிற நாளெல்லாம் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. குக்கரை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து போனுக்குப் போவாள், மறுபடி வாசலுக்கு.

அவள் பிடுங்கல் தாங்காமல்தான் இரண்டு பேரும் சேர்ந்து படித்து, பரீட்சை எழுதி, இப்படிப் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினார்கள். அவன் அவளைவிட ஒன்பது மார்க் கூட எடுத்தான். அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தபோது அவள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

“மலை உச்சியில ரேடியோ சங்கத்துக்காரங்க வச்ச ரிப்பீட்டர் வி.எச்.எஃப்,” என்றாள். “நீ பேசுறதை வாங்கி ஊர் முழுக்கக் கேக்கிற மாதிரி திருப்பி அனுப்பும். சரி. அது ஒருநாள் படுத்துட்டா? டவுன் தண்ணித் தொட்டி மேல இருக்கிற ரிப்பீட்டர் யு.எச்.எஃப். ரெண்டு பேண்ட் இருந்தா ரெண்டையும் ஒரே நேரத்துல கேக்கலாம்.”

“மலைக்குப் பின்னாடி போனா டவுன் ரிப்பீட்டர் எனக்குக் கேக்கவே கேக்காது,” என்றான் அவன். “ஒரே பேண்ட் செட்டுல ஒரே பெரிய குமிழ். பாக்காமலே திருப்புவேன். பவரும் கொஞ்சம் கூட. ரெண்டு பேண்ட் செட்டுல எந்தப் பக்கம் பேசுறோம்னு திரையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். வளைவுல நான் ரோட்டைப் பாக்கவா, திரையைப் பாக்கவா?”

“பழகிட்டா சரியாயிடும்.”

“ஒண்ணு கேக்கிறேன். இந்த ரேடியோ எனக்கா, உனக்கா?”

“என்னடா பேச்சு இது?”

“ஒரு பேண்டுல நான் பேசணும், இன்னொரு பேண்டுல நீ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். அதானே உன் கணக்கு? இது ரேடியோ இல்லக்கா, கயிறு.”

அவள் கணவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “எனக்கும் ஒரு செட்டு வாங்குங்க, சமையல்கட்டுல என்ன நடக்குதுன்னு கேட்டுக்கிறேன்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. தம்பி கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளே அவன் ஒரே பேண்ட் ரேடியோவை வாங்கி, வேன் கூரையில் ஓட்டை போட்டு ஆன்டெனாவை முடுக்கிவிட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கோபத்தில் அங்கேயே நின்று இரண்டு பேண்ட் ரேடியோவை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கும் கடைக்கும் இடையே ஓடுவதைத் தவிர வேறெங்கும் போகாத தன் சின்னக் காரில் மாட்டினாள். “இந்த ரெண்டு கிலோமீட்டருக்கா?” என்றார் கணவர்.

அதற்குப் பிறகு அமைதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கண் பார்க்க வந்தவர் ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காருவதற்குள் ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்து காது கொடுப்பாள். தம்பி மலையில் யாரிடமாவது வெயிலைப் பற்றிப் பேசினாலும் அவளுக்குப் படபடப்பு இறங்கும். பேசாவிட்டால் ஏறும்.

பிடித்த மழை மூன்று நாளாக விடவில்லை. நான்காம் நாள் மேல் மருத்துவமனையில் பிரிட்ஜ் நின்றுவிட்டதென்று தம்பி காலையிலேயே போய்விட்டான். மதியம் இரண்டு மணிக்கு மலையில் கரண்ட் போனது. சற்று நேரத்தில் மலை ரிப்பீட்டர் ஊமையாகிவிட்டது. போன் கோபுரமும் போய்விட்டது. கடை நாற்காலியில் ஒரு டீச்சர் கண் பார்க்கும் கருவியில் முகவாயை வைத்துக் காத்திருந்தார்.

“டீச்சர், மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வாங்க,” என்றாள். டீச்சர் எழுந்திருக்குமுன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.

மலையடிவாரத்தில் ஆற்றுப் பாலம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பாதையின் மேல் வளைவுகள் மரங்களுக்கிடையே தெரியும். ரிப்பீட்டர் இல்லாமல் வண்டிக்கு வண்டி நேராகப் பேச அதுதான் இடம் என்று அவளுக்குத் தோன்றியது. காரை நிறுத்தி, வி.எச்.எஃப் பக்கத்தில் நேரடி அலைவரிசையை வைத்து அவன் உரிமத்தின் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. காரை முன்னால் நகர்த்தினாள். அதுவுமில்லை. பின்னால் வந்தாள். பாலத்தின் கைப்பிடி முடிகிற இடத்தில் சட்டென்று தம்பியின் குரல் வந்து விழுந்தது.

“...யாராவது கேக்குதா? மறுபடி சொல்றேன். ரோட்ல ரெண்டு இடத்துல மண் சரிஞ்சிருக்கு...”

“டேய்! நான்தான்!”

“அக்கா, நகராதே!” என்றான். “எங்க இருக்கியோ அங்கேயே நில்லு. நாப்பது நிமிஷமா கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன், நீதான் முதல் ஆள். எழுதிக்கோ.”

கண்ணாடி அளவு எழுதும் சீட்டுப் புத்தகம் பையில் இருந்தது. அதில் எழுதினாள். மேலே ஒரு சரிவு, கீழே ஒரு சரிவு. நடுவில் பஸ். இருபத்துமூன்று பேர். ஒரு அம்மாவுக்கு நெற்றி கிழிந்து ரத்தம் நிற்கவில்லை, ஒரு பெரியவருக்குக் கை உடைந்திருக்கிறது. தம்பியின் வேன் மேல் சரிவுக்கும் மேலே, கத்தினால் பஸ்ஸுக்குக் கேட்கிற தூரத்தில். மேல் சரிவில் மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் கீழேயிருந்துதான் வரவேண்டும்.

அவள் குமிழை அழுத்தி யு.எச்.எஃப் பக்கத்துக்கு மாறி டவுன் ரிப்பீட்டரைக் கூப்பிட்டாள். சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். உடனே ரேடியோவில் வந்தார். அவள் படிக்கப் படிக்க அவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். “மீட்புக்காரங்களுக்கு லேண்ட்லைன்ல சொல்றேன். நீங்க லைன்லயே இருங்க.”

பெயர் தெரியாத அந்த அம்மாவின் நெற்றியை எப்படிக் கட்டவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் வி.எச்.எஃப் பக்கம் மாறித் தம்பியிடம் சொன்னாள். தம்பி பஸ்ஸைப் பார்த்துக் கத்தினான். அங்கேயிருந்து வந்த பதில் அதே வழியில் டவுனுக்குத் திரும்பியது.

பிறகு காத்திருப்புதான். கால் மணி நேரம் எந்தப் பக்கமும் சத்தமில்லை. காரைக் கொஞ்சம் முன்னால் விட்டால் மலை தெரியும் என்று கியரில் கை போனது. இரண்டடி நகர்ந்ததுமே தம்பியின் பக்கம் இரைந்தது. பதறிப்போய்ப் பின்னால் வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சீட்டின் ஓரத்து நூலைப் பிய்த்தாள். மழை கண்ணாடியை மறைத்தது. நாலு மணி நேரம் அவன் தனியாகக் கிடந்தது ஞாபகம் வந்ததும் மைக்கை எடுத்துவிட்டாள்.

“டேய், மண்ணு இறங்குற இடத்துல நிக்கிறியே, உனக்கு அறிவிருக்கா? வேனைப் பின்னால எடுடா. உனக்கு ஒண்ணுன்னா நான் என்னடா பண்ணுவேன்?”

பிறகு பல் டாக்டர், “அக்கா, நான் கிளினிக்ல பத்திரமா இருக்கேன்,” என்றார்.

தம்பியின் பக்கத்துக்கு மாற்ற மறந்திருந்தாள். சங்கம் முழுக்கக் கேட்டிருக்கும். யாரோ ஒரு பெண் குரல் மெதுவாக, “சொல்லிடுங்க அக்கா, அவர்கிட்டயும் சொல்லிடுங்க,” என்றது.

குமிழை அழுத்தினாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. “மண்ணு எப்படியிருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“இறங்குது. ஆனா நான் பின்னால எடுத்தா உனக்குக் கேக்காது,” என்றான். “பாறை பக்கமா ஒட்டி நிக்கிறேன். பயந்துதான் இருக்கேன். நீ இருக்கல்ல?”

“இருக்கேன்.”

இரண்டரை மணி நேரம் அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மண் அள்ளும் இயந்திரம் பாலத்தைத் தாண்டிப் போனதைச் சொன்னாள். கீழ்ச் சரிவில் கயிறு கட்டியதும் யார் முதலில் நடக்கவேண்டும் என்று டவுனிலிருந்து வந்த தகவலைத் தம்பிக்குச் சொன்னாள். இருட்டுவதற்குள் இருபத்துமூன்று பேரும் நடந்து இறங்கினார்கள். ஆம்புலன்ஸ் பாலத்தில் அவள் காரை ஒட்டிப் போனது. உள்ளே நெற்றியில் கட்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பது ஒரு விநாடி தெரிந்தது.

தம்பி மேல் மருத்துவமனைக்கே திரும்பிப் போய்த் தங்கினான். மூன்றாம் நாள் பாதை திறந்ததும் நேராக அக்கா கடைக்கு வந்தான். டீச்சர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ரிப்பீட்டர் திரும்ப வந்ததுலேர்ந்து சங்கத்துக்காரங்க எல்லாரும் என்னைக் கூப்பிட்டு ‘அறிவிருக்கா’ன்னு கேக்கிறாங்க,” என்றான்.

“கேக்கட்டும். நீயும் ரெண்டு பேண்டுக்கு மாறிக்கோயேன்.”

“மாட்டேன். எனக்கு இதுதான் கைக்கு வருது.” அவள் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டினான். “சண்டை வேணாம். மலைப்பாதையில எங்கெங்க நின்னா பாலத்துக்குக் கேக்கும், எங்க கேக்காதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சனிக்கிழமை நீ பாலத்துல நில்லு. நான் ஒவ்வொரு வளைவா நிறுத்திக் கூப்பிடுறேன்.”

சனிக்கிழமை வெயில் அடித்தது. கணவர் பிளாஸ்கில் டீயோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவள் மடியில் பாதையின் வரைபடம். தம்பி ஒவ்வொரு வளைவிலும் நின்று எண்ணைச் சொன்னான், அவள் குறித்தாள். ஐந்து கேட்டது, ஆறு கேட்டது. ஏழு கேட்கவில்லை. அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்தன. கணவர் டீயை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. “எட்டு. அக்கா, எட்டு கேக்குதா?” என்று வந்தது. ஏழுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, “கேக்குதுடா, மேல போ,” என்றாள்.