கண்ணாடியில் ஆள் தெரிகிற வரை

ட்வைலாவின் கேரவன், ஓட்டிக்கொண்டே போகிற வீடு, முப்பத்திரண்டு அடி நீளம். எங்கள் ஆற்றங்கரை முகாமில் எல்லோரும் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்துவார்கள். அவள் மட்டும் மூக்கை ஆற்றுப் பக்கம் வைத்து நேராக உள்ளே விடுவாள். காலையில் எழுந்து வந்ததும் முன்கண்ணாடி முழுக்க ஆறு தெரிய வேண்டும் அவளுக்கு. அதனால் தண்ணீர்க் குழாயும் மின்சார வயரும் வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு போகும். அவற்றை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. சீசன் முடிந்து கிளம்பும்போது வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பைன் மரம். பின்கேமரா செத்து மூன்று வருடமாகிறது. நான் பின்னால் நின்று கை காட்டுவேன்.

அதற்கு எங்களுக்குள் ஒரே ஒரு விதி.

"பக்கக் கண்ணாடில நான் தெரியலேன்னா நிறுத்திடு. யோசிக்காதே. நிறுத்து" என்று முதல் வருடமே சொல்லியிருந்தேன்.

"நீ எங்கடி போகப்போறே?" என்று சிரித்தாள் அப்போது.

நாங்கள் சந்தித்தது அரிசோனா பாலைவனத்தில். குளிர்காலத்தில் எங்களைப் போல் சக்கரத்தின் மேல் வாழ்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவோம். எனக்கு அப்போது லாரிக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு ஒன்று சொந்தமாக இருந்தது. பதினேழு அடி, மஞ்சள் கதவு. மழை பெய்தால் மேசைக்கு மேலே மட்டும் ஒழுகும். கணவர் போன பிறகு வீட்டை விட்டு அதில்தான் ஏறினேன். ட்வைலா தினமும் சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டு உட்காருவாள். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் மொன்டானாவிலுள்ள இந்தப் பூங்காவைப் பற்றிச் சொன்னாள். முகாமைப் பார்த்துக்கொள்ள ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். சம்பளமென்று பெரிதாக ஒன்றும் கிடையாது; ஆற்றங்கரையில் பதினான்காம் எண் இடம், மின்சாரம், தண்ணீர், ஐந்து மாதத்துக்கு இலவசம்.

"புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீயும் நானும் ஃபாரம் போடலாம். ஆனா ஒரு இடத்துக்கு தங்கற வண்டி ஒண்ணுதான் விடுவாங்க."

"அப்ப என்னோடது?"

"இந்த ஒழுகல் டப்பாவையா கேக்கறே? வித்துடு. என் சோபாவை இழுத்தா கட்டில். உனக்குத்தான்."

விற்றேன். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனது. மஞ்சள் கதவு வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் மிஞ்சியவை பழைய பிக்கப் லாரியும், ஓர் இரும்புச் சட்டியும், சக்கரத்துக்கு அடியில் சமன் பார்த்து வைக்கிற நாலு பிளாஸ்டிக் கட்டைகளும். அந்தக் கட்டைகள் ட்வைலாவின் சக்கரத்துக்கு அடியில் போயின.

மூன்று கோடைகள் நன்றாகத்தான் இருந்தோம். ஒருத்தி கழிவறை கழுவினால் மற்றவள் அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவாள். சாயங்காலம் இருவரும் காலை ஆற்றில் விட்டுக்கொண்டு, வந்திருக்கிறவர்களைப் பற்றி வம்பு பேசுவோம்.

இந்த ஜூன் மாதம் ராய்ஸ் வந்தான். அறுபது வயதிருக்கும். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. எதிர்ப்பக்கம் ஒரு வேனில் தங்கியிருந்தான். இரண்டு வாரத்துக்கென்று வந்தவன் போகவில்லை. ட்வைலா அவனோடு மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவள் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் ஒரு நாள் சொன்னாள். "பாவம்டி, சும்மா உக்காந்து உக்காந்து போரடிக்குதாம். உன்கூட கூட்டிட்டுப் போயேன். வேலையெல்லாம் சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தேன். சாம்பலை அள்ளுவதற்கு முன் தண்ணீர் ஊற்று, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார். மூன்றாவது கழிவறையின் தாழ்ப்பாளை மேலே தூக்கித்தான் இழுக்க வேண்டும். சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் மேசையில் விட்டுவிட்டுப் போகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்றும் சொன்னேன்.

"கரடி வந்து உங்களைக் கடிச்சிடும்னு சொல்லாதே, ராய்ஸ். எவனும் நம்பமாட்டான். உங்க சாப்பாட்டைத் தின்னு பழகின கரடியைச் சுட்டுத்தான் ஆகணும்னு சொல்லு. அந்த வீட்டுக் குழந்தைங்களே ஓடிப்போய் எடுத்து வெச்சிடும்."

"சரிங்க டீச்சர்!" என்று சல்யூட் அடித்தான்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். டீச்சர், இந்தச் சாவி எதுக்கு? டீச்சர், நான் பாஸா ஃபெயிலா? முகாமில் வந்து தங்கியவர்கள்கூட அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் கடைசியில், முகாம் மூட மூன்று நாள் இருக்கும்போது, பூங்காவின் ரேஞ்சர் கென்ட்ரா ஒரு பார்சலோடு வந்தாள். முகாமைப் பார்த்துக்கொள்கிற ஜோடிக்கு அடுத்த சீசனுக்கான பச்சை ஜெர்கின்கள். ட்வைலாவும் ராய்ஸும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். நானே பிரித்தேன். ஒன்று மீடியம். அது ட்வைலாவுக்கு. மற்றதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கை நுனி வெளியே வரவில்லை. முழங்கால் வரை தொங்கியது.

"இதைப் பாரு கென்ட்ரா! டபுள் எக்ஸ்எல்! குளிருக்கு நான் இதுக்குள்ளயே குடித்தனம் நடத்தலாம் போலிருக்கே. தப்பா அனுப்பிட்டாங்க, மாத்தி வாங்கு."

கென்ட்ரா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ட்வைலா உங்ககிட்ட சொல்லலையா?"

"எதை?"

"அடுத்த வருஷத்துக்கு ஜூலைலயே ஃபாரம் குடுத்துட்டாங்க, கோரின். அவங்க பேரும் ராய்ஸ் பேரும் போட்டு. நீங்க வேற எங்கயோ போறீங்கன்னு சொன்னாங்க. நீங்கதான் அவருக்கு வேலை சொல்லித் தர்றீங்கன்னும் எழுதியிருந்தாங்க. அதனால நான்... உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

ஜெர்கினைக் கழற்ற முடியவில்லை. ஜிப் துணியில் மாட்டிக்கொண்டது. கென்ட்ராதான் வந்து எடுத்துவிட்டாள்.

"வடக்கு வாசல்ல தனி ஆளுக்கு ஒரு இடம் இருக்கு" என்றாள் மெதுவாக. "ஆனா தங்கறதுக்கு சொந்த வண்டி வேணும்."

அவளுக்கும் தெரியும், என்னிடம் என்ன இருக்கிறது என்று.

ட்வைலா வந்தபோது ஜெர்கினை மடித்து மேசைமேல் வைத்திருந்தேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள். மீன் கூடையைக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். சரியான நேரம் பாத்துட்டிருந்தேன்."

"ஜூலைல ஃபாரம் எழுதியிருக்கே. ஜூலைலதான் அவனுக்கு எல்லாம் சொல்லிக்குடுன்னும் சொன்னே."

"கோபப்படாதடி. உனக்கு எங்க வேணாலும் வேலை கிடைக்கும். உன்னை மாதிரி வேலை தெரிஞ்சவ யாரு இருக்கா?"

"எங்க படுத்துட்டு அந்த வேலைக்குப் போறது, ட்வைலா?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். "அரிசோனா வரைக்கும் வா. அது வரைக்கும் சோபா உன்னோடதுதான்."

அது வரைக்கும். மூன்று வருடமாக அதில் படுத்திருக்கிறேன். எந்தக் கம்பி எந்த விலா எலும்பில் குத்தும் என்று தெரியும். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அடுத்த இடத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முகாமில் சத்தம் போடக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்றிலிருந்து லாரியின் பின்பக்கத்தில் படுத்தேன்.

கிளம்பும் நாள் காலையில் பனி விழுந்திருந்தது. குழாயையும் வயரையும் கழற்றிச் சுருட்டி வைத்தேன். கை பழகிவிட்டது. ராய்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்து வண்டிக்குப் பின்னால் நின்றான்.

"நான் கை காட்டறேன், நீ எடு!" என்று கத்தினான்.

ட்வைலா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஐயோ சாமி, நீ தள்ளிப்போ! உனக்கு இடது வலதே தெரியாது. கோரின் நிக்கட்டும். கோரின், வாடி, ப்ளீஸ்."

இதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போய் நின்றேன். பக்கக் கண்ணாடியில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவள் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அசைத்தேன். வண்டி கட்டைகளை விட்டுப் பின்னால் இறங்கியது. உள்ளங்கையைக் காட்டினேன். நின்றது. முன்பக்கம் போய், குனிந்து, நாலு கட்டைகளையும் பொறுக்கி லாரியில் போட்டேன். திரும்ப வந்து நின்றேன். மெதுவாக இடது பக்கம் வாங்கச் சொன்னேன். பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் பாதி வண்டி வந்துவிட்டது. பைன் கிளை கூரையை உரசியது. இன்னும் ஓரடி இடது பக்கம் போகச் சொன்னால் பாறை கிழித்துவிடும். சொன்னால் அவள் போவாள். சந்தேகமே படமாட்டாள்.

கையைக் கீழே போட்டேன். இரண்டு அடி நகர்ந்து கண்ணாடியை விட்டு வெளியே வந்தேன்.

பிரேக் விளக்குகள் சட்டென்று எரிந்தன. வண்டி அப்படியே நின்றது.

"டீச்சர்?" என்றான் ராய்ஸ். "எங்க போறீங்க டீச்சர்?"

லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். இன்ஜின் சூடாகக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க அவள் நகரவே இல்லை, பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. நான் முகாம் வாசலைத் தாண்டும்போதுதான் ஹாரன் அடிக்க ஆரம்பித்தாள். மூன்று தடவை, அப்புறம் விடாமல். முகாமுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது.